பூசை நின்ற பழைய சர்ச்சுகள்: உங்கள் மனசை விட்டுப் போகாதது எது?

தேம்ஸ்கரை
இங்கிலாந்தில் லெச்லேட் ஊர்ப் பக்கம் இருக்கும் இங்கிள்ஷம் சர்ச். போனவர்களுக்குத் தெரியும், ஊர் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. ஓவியத்தின் மேல் ஓவியம் தீட்டிய சுவர்கள், கதவு வைத்த மர இருக்கைகள், எல்லாம் இருக்கட்டும். என்னை விடாதது உள்சுவரில் பதித்திருக்கும், ஆயிரம் வருஷம் போலப் பழைய அந்தச் சாக்சன் காலத்துச் சிற்பக் கல்தான். மடியில் குழந்தையோடு மேரி குனிந்திருக்கிறார், மேலிருந்து கடவுளின் கை மட்டும் இறங்கி வருகிறது. 1910 வரை அது வெளிச்சுவரில் வெயிலிலும் மழையிலும் கிடந்திருக்கிறது. அதுமட்டுமா, நிழற்கடிகாரமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மாதா மேல் மணி பார்த்திருக்கிறார்கள்! கோபப்படுவதா சிரிப்பதா?

சுண்ணாம்புக்காரன்
இது பரவாயில்லை. குளோஸ்டர்ஷயரில் கெம்ப்ளி மேரி சர்ச்சைப் பாருங்கள். பீடத்துக்கு மேலே வளைவுக் கூரையில் வானவில் மேல் கிறிஸ்து, இரு பக்கமும் அப்போஸ்தலர்கள் அவரையே அண்ணாந்து பார்த்தபடி. ஈரச் சுண்ணாம்பில் தீட்டிய 12ஆம் நூற்றாண்டு வேலை. 17ஆம் நூற்றாண்டில் அரசரை எதிர்த்துப் போரிட்ட குரோம்வெல்லின் ஆட்கள் வெள்ளையடித்து மூடியதை 1872இல் கண்டுபிடித்தார்கள். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று மேலே அரக்கு வார்னிஷ் பூசிவிட்டார்கள்! அதைச் சுரண்டி எடுக்க 1955 வரை ஆனது. அந்த முகங்களைப் பார்த்தபோது எனக்கு அந்த வார்னிஷ் டப்பாதான் கண்முன் வந்தது.

ஸ்விண்டன்வாசி
எதற்கெடுத்தாலும் குரோம்வெல்லா? இங்கிலாந்துச் சர்ச்சுகளில் பெரும்பாலான ஓவியங்கள் மறைந்தது 1547க்குப் பிறகு, சீர்திருத்தச் சபையை ஆதரித்த அரசர் ஆறாம் எட்வர்ட் காலத்தில். குரோம்வெல் வந்ததே நூறு வருஷம் கழித்து.

நானும் இங்கிள்ஷம் போயிருக்கிறேன். அந்த இருக்கைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினால் குளிர்காற்று காலில் படவில்லை, அவ்வளவுதான் என் கதை. போகிறவர்களுக்குச் சில: கையில் டார்ச் இருக்கட்டும், ஆனால் நேராக அடிக்காதீர்கள். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால்தான் கீறலும் பூச்சின் மேடுபள்ளமும் தெரியும். சுவரைத் தொடாதீர்கள், விரல் பட்டாலே உதிரும் இடங்கள் உண்டு. இருக்கைகளில் வௌவால் எச்சம் இருக்கும், பார்த்து உட்காருங்கள். அப்புறம், வழிபாடு நின்றுவிட்டதே என்று செருப்புக் காலைத் தூக்கி இருக்கையில் வைக்காதீர்கள். இப்படிப்பட்டவற்றில் 350க்கு மேல், பூசை நின்ற சர்ச்சுகளைப் பராமரிக்கும் சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் என்ற அமைப்பின் கையில் இருக்கின்றன. பெரும்பாலானவை இன்னும் அர்ச்சிக்கப்பட்ட இடங்கள்தான், எப்போதாவது ஆராதனையும் நடக்கும். உண்டியலில் ஏதாவது போடுங்கள்.

மரவேலைப்பித்து
உண்டியல் வரை வந்துவிட்டீர்கள், வில்லியம் மோரிஸ் பெயரை ஒருவரும் சொல்லவில்லையே? இங்கிள்ஷத்துக்குப் பக்கத்து ஊரான கெல்ம்ஸ்காட்டில் இருந்த 19ஆம் நூற்றாண்டு வடிவமைப்பாளர், எழுத்தாளர். பழைய கட்டடங்களைச் சுரண்டிப் புதுசாக்கும் வெறியை எதிர்த்து 1877இல் சங்கமே தொடங்கியவர். இங்கிள்ஷம் பழுதுபார்ப்புக்கும் அவர்தான் துணை நின்றார். ஸ்விண்டன்வாசி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த இருக்கை விறகாகாமல் தப்பியது அப்படித்தான். நான் போன இன்னொரு கிராமத்துச் சர்ச்சில் சுவர்ப் பூச்சை முழுக்கச் சுரண்டி, கல் கல்லாக நிற்கிறது. அதற்கு எந்த டார்ச்சைப் பிடிப்பது?