பெண்டுக்குப் பின்னால் இருந்த மண்

பெங்களூரு சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு குடியிருப்புக்கு 300 மி.மீ. டக்டைல் அயர்ன் குழாய் பதித்தோம். நான் சைட் இன்ஜினியர். ஒரு மூலையில் 90 டிகிரி பெண்ட், அதாவது குழாயைத் திருப்பும் வளைவு. தண்ணீரின் அழுத்தம் அதைத் தள்ளிவிடாமல் முட்டாக நிற்கும் கான்கிரீட் கட்டி, அதாவது திரஸ்ட் பிளாக் போட்டு, நீராற்றும் வேலையும் ஏழு நாள் முடிந்திருந்தது. தண்ணீர் நிரப்பி 10 பார் வரை அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் டெஸ்ட் அன்று கேஜ் முள் 8 பார் வரை ஒழுங்காக ஏறியது. அப்புறம் நின்றது.

"சார், பெண்டு நகருது! எல்லாரையும் மேல வரச் சொல்லுங்க!" தருமபுரிக்கார ஃபிட்டர் அண்ணன் கத்தினார். ஆட்கள் ஏறி முடிப்பதற்கும் சாக்கெட் (குழாய்கள் இணையும் வாய்) பிரிந்து பள்ளம் நிரம்புவதற்கும் சரியாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கை நடுங்குகிறது.

அன்றிரவு கணக்கை மறுபடி போட்டேன். குழாயின் வெளிவிட்டம் 326 மி.மீ. 10 பாரில், மூடிய முனையைத் தண்ணீர் தள்ளும் விசை எட்டரை டன். 90 டிகிரி பெண்டில் அது 1.41 மடங்காகி 12 டன் ஆகிவிடும். தண்ணீர் ஓட வேண்டும் என்றுகூட இல்லை, அழுத்தத்தோடு நின்றாலே தள்ளும். ஜாயின்டில் இருக்கும் ரப்பர் ரிங் கசிவைத்தான் தடுக்கும், குழாய் கழன்று போவதைத் தடுக்காது.

பிளாக் அளவில் தப்பில்லை. மண் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் என்று வைத்து, ஒன்றரை மடங்கு பாதுகாப்போடு 1.8 சதுர மீட்டர் முகம் கொடுத்திருந்தோம். ஆனால் ஜேசிபி தேவைக்கு மேல் தோண்டிவிட்டது. அந்த இடத்தை அள்ளிப்போட்ட மண்ணால் நிரப்பி, அதன் முன்னால் பிளாக்கை வார்த்தோம். பார்த்துவிட்டு சரி என்றவன் நான். புது மண் அமுங்க, பிளாக்கும் கூடவே போய்விட்டது.

திரும்பச் செய்தபோது, கைப்பட வெட்டி, யாரும் தொடாத செம்மண் தெரிந்த பிறகு, பின்பக்கம் ஷட்டரிங் பலகை இல்லாமல் அந்தச் சுவரை ஒட்டியே கான்கிரீட் கொட்டினோம். பெண்டைச் சுற்றி பிளாஸ்டிக் ஷீட், ஜாயின்ட்கள் கான்கிரீட்டுக்கு வெளியே. 10 பார் அப்படியே நின்றது.

*

இதைப் படித்த இன்னொருவர் எழுதியது: பெங்களூரிலேயே வர்த்தூர் பக்கம் எனக்கும் இதே கதைதான். அங்கே மண்ணே நிரப்பிய மண், எவ்வளவு வெட்டினாலும் கெட்டித் தரை வரவில்லை. கடைசியில் பிளாக்கை விட்டுவிட்டு, பெண்டின் இரு பக்கமும் பல குழாய்களுக்குக் கழலாத ஜாயின்ட் போட்டோம். அத்தனை நீளத்தையும் மண் பிடித்துக்கொள்கிறது. செலவு கூடத்தான். ஆனால் நாளைக்கு யாராவது கேபிளுக்காக பிளாக்கின் முதுகைத் தோண்டிவிடுவார்களோ என்ற பயம் இல்லை.

*

அவருக்கு என் பதில்: அண்ணே, அந்தப் பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. அந்த மூலையில் "பின்னால் தோண்டாதீர்கள்" என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதிய கல் ஒன்று நட்டுவைத்திருக்கிறேன்.