கோடை இன்டர்ன்ஷிப்பில் உங்களால் மறக்க முடியாத பிள்ளை யார்? எழுதுங்கள்

விதைக்காரி:

மூன்றாம் வருஷ விடுமுறையில் பத்து வாரம், கிராமத்துப் பிள்ளைகளுக்கான விவசாயப் பயிற்சியில் இன்டர்னாக இருந்தேன். 10 வயசிலிருந்து 14 வரை இருபத்திரண்டு பேர். நான் எழுதப்போவது அதில் ஒரு பதினோரு வயசுப் பெண்ணைப் பற்றி.

இரண்டாம் வாரம் முளைப்புத்திறன் சோதனை. ஆய்வகத்தில் 400 விதை வைத்துப் பார்ப்பார்கள். நாங்கள் ஆளுக்கு 20 தட்டைப்பயறு என்று வைத்துக்கொண்டோம். விதையை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். ஈரத்துணியில் வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை அடுக்கி, சுருட்டி, நிழலில் வைக்க வேண்டும். ஐந்தாம் நாள் ஒரு தரம் எண்ணி, எட்டாம் நாள் கணக்கை முடிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் எல்லாச் சுருளையும் பிரித்துப் பார்த்தேன். எல்லோருடையதிலும் வெள்ளை வேர் விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. இவளுடையதில் ஆறுதான் முளைத்திருந்தது. மற்றவை உப்பிப்போய்க் கிடந்தன, இரண்டு மூன்றில் பூஞ்சை. அவள் ஏற்கெனவே பேசத் தயங்குகிறவள். எல்லோர் முன்னாலும் வாடிப்போவாளே என்று மனசு கேட்கவில்லை. என்னிடம் உபரியாக இருந்த சுருளிலிருந்து முளைத்த எட்டு விதையை எடுத்து அவள் துணியில் வைத்தேன். அவளுடைய எட்டையும் ஒரு காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அவள் வந்தாள், துணியைப் பிரித்தாள். நோட்டைத் திறந்து துணியையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுக்கிய அன்றே இருபது விதையையும் நம்பர் போட்டு வரைந்து வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

"அக்கா, 12-ஆம் நம்பர்ல கண்ணுக்குப் பக்கத்துல ஒரு தழும்பு இருந்துச்சு. இதுல இல்லையே."

எனக்கு வாய் எழவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மாற்றினது நான்தான் என்று சொன்னேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்ப என்னோடது எங்க?" என்று மட்டும் கேட்டாள். கூடையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக நோட்டைப் பார்த்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். எட்டாம் நாள் கணக்கு: 20-க்கு 7. அதாவது 35 சதவீதம்.

அதன் பிறகுதான் உண்மையான பாடம் நடந்தது. விதை எங்கே இருந்தது என்று கேட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில், மூடி சரியாக மூடாத டப்பாவில், இரண்டு வருஷமாக. ஹாரிங்டன் என்ற விதை அறிஞர் ஒரு தோராயக் கணக்குச் சொல்லியிருக்கிறார்: விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. அடுப்பங்கரை இதற்கு நேர் எதிர், சூடும் ஆவியும். இதைச் சொன்னதும் அவளே கணக்குப் போட்டாள். நூறு செடி வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 290 விதை போட வேண்டும்.

மறுவாரம் அவளுடைய அப்பா வந்தார். அதே டப்பா விதையைத்தான் அந்தப் பருவத்துக்கு விதைக்க வைத்திருந்தாராம். வீட்டில் மகளோடு உட்கார்ந்து நூறு விதை போட்டுப் பார்த்திருக்கிறார். 38 முளைத்தது. விதைப்புக்கு வேறு விதை வாங்கிவிட்டார். நான் வைத்த எட்டு விதை அந்தத் துணியிலேயே இருந்திருந்தால் கணக்கு 14 என்று வந்திருக்கும். 70 சதவீதம். அதை நம்பி விதைத்திருப்பார். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

குஞ்சுப்பெட்டி:

படித்து முடித்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் கோழிக்குஞ்சு வளர்ப்புக் குழுவில் இருந்தேன். விளக்குப் போட்ட குஞ்சுப்பெட்டிக்குள் சூடு முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைக்கணும் என்று பலகையில் எழுதிப்போட்டு, தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயசுப் பையன் ஒருவன் பெட்டிப் பக்கம் குனிந்து, "அண்ணா, இதுங்களுக்கு வேர்க்குது" என்றான். பார்த்தால் குஞ்சுகள் எல்லாம் விளக்கை விட்டு ஓரத்துக்கு ஒதுங்கி, வாயைத் திறந்து இறக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. தெர்மாமீட்டர் ஒரு மூலையில் கிடந்தது, விளக்குக்குக் கீழே இருந்த சூடு அதில் தெரியவே இல்லை. விளக்கை ஒரு சாண் உயர்த்தினோம். பத்து நிமிஷத்தில் பெட்டி முழுக்கப் பரவிவிட்டன. குளிர் என்றால் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், கீச்சுச் சத்தம் கூடும். இதையும் அவன்தான் எனக்குச் சொன்னான். கோழிக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது என்று நான் திருத்தப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவன் பார்த்தது சரி, சொல் மட்டும்தான் வேறு.

களிமண்:

அந்த அப்பா மகளோடு உட்கார்ந்து நூறு விதை போட்டாரே, இந்த மாதிரித் திட்டங்கள் பிறந்ததே அதற்காகத்தான். 1902-இல் அமெரிக்காவின் ஓஹியோவில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு விவசாயக் குழு தொடங்கினார். லிட்மஸ் தாளில் மண்ணைப் பார்த்தார்கள், சோளம் போட்டார்கள். பின்னால் ஃபோர்-ஹெச் (4-H) என்ற பிள்ளைகள் அமைப்பாக வளர்ந்த இயக்கத்தின் தொடக்கம் அது. பெரியவர்கள் தயங்கிய புது முறைகளைப் பிள்ளைகள் தைரியமாகச் செய்துபார்த்தார்கள், அது வீட்டுக்குள்ளும் போனது.

என் பங்குக்கு ஒன்று. ஜாடியில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தோம். மணல் ஒரு நிமிஷத்துக்குள் படியும், வண்டல் படிய ஓரிரு மணி நேரம் ஆகும், களிமண் ஒரு நாளுக்கு மேலும் மிதக்கும். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்ற பதினாறு வயசுப் பையனின் ஜாடி சாயங்காலம் வரை கலங்கியே இருந்தது. மறுநாள் வகுப்பு இல்லை. அவன் மட்டும் சைக்கிளில் வந்து, ஜாடிக்கு எதிரே உட்கார்ந்து, ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தான். "எங்க வயல்ல தண்ணி ஏன் நிக்குதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றான்.

எனக்கு இன்னும் ஆறாத வருத்தம், நான் வேலை பார்த்த அலுவலகம் எங்களிடம் கேட்டது தலைக்கணக்கும் போட்டோவும்தான். வகுப்பு இல்லாத நாள் என்பதால் அவன் வந்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

குஞ்சுப்பெட்டி:

விதைக்காரி, அந்தப் பெண் அப்புறம் உங்களோடு பேசினாளா?

விதைக்காரி:

பேசினாள். மூன்று நாள் சுருளைப் பிரிக்கும்போது மட்டும் என்னைக் கூப்பிடவில்லை. எட்டாம் நாள் "அக்கா, நீங்க எண்ணுங்க, நான் எழுதுறேன்" என்று நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு நம்பராகச் சொல்லச் சொல்ல எழுதினாள். 12-க்கு வந்ததும் நான் கையில் எடுத்துப் பார்த்தேன். தழும்பு இருந்தது. "முளைக்கலை" என்றேன். எழுதிவிட்டு, "13?" என்றாள்.