பொருள்: கான்கிரீட் ஈரத்துக்கு ஒரு சொல் வேண்டும்

மன்னார்குடி, பாலிடெக்னிக் ஆசிரியர்:
எல்லோருக்கும் வணக்கம். ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மீயொலிச் சோதனைப் பாடத்தில் (கான்கிரீட்டுக்குள் ஒலித்துடிப்பை அனுப்பி, அது போகும் வேகத்தை வைத்துத் தரம் பார்ப்பது) அறைக்காற்றின் ஈரத்துக்கும் கான்கிரீட்டின் நுண்துளை ஈரத்துக்கும் 'ஈரப்பதம்' என்றே வருகிறது. பிள்ளைகள் குழம்புகிறார்கள். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், நீரில் சுமார் 1,480. அதனால் துளையில் காற்றுக்குப் பதில் நீர் நிறைந்தால் துடிப்பு வேகம் சில விழுக்காடு கூடும். ஆனால் அந்த ஈரமான கியூபை (சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கனசதுரத்தை) நசுக்கினால் உலர்ந்ததைவிட வலிமை குறைவாகத்தான் வரும். பி.பி.சி. எனப்படும் சாம்பல் கலந்த சிமெண்டில் அந்தச் சாம்பல் சுண்ணாம்போடு மெல்ல வினைபுரிவதால் 28 நாள் கழிந்தும் துளைகள் அடைபட்டுக்கொண்டே இருக்கும். வேகம் கூடினால், இறுகியதாலா ஈரத்தாலா?

கும்பகோணம், தமிழாசிரியர்:
'ஓதம்' இருக்கிறதே, தம்பி! 'சுவரில் ஓதம் ஏறியிருக்கு' என்று சொல்லாத வீடு உண்டா? கடல் அலைக்கும் அதுவே பெயர். 'ஓ' என்ற இரைச்சலில் பிறந்த சொல் என்பது என் துணிபு. ஒலியும் நீரும் ஒரே சொல்லில்! 'ஓலம்', 'ஓதை' எல்லாம் இந்த வேர்தான்; விரிவாக நாளை எழுதுகிறேன்.

திருவாரூர், சித்த மருத்துவர்:
ஐயா, எங்களுக்கு ஓதம் என்றால் விதைப்பை வீக்கம். வகுப்பில் வேண்டாமே. புரை என்றால் துளை; 'புரைநீர்' எப்படி?

நாகப்பட்டினம், கட்டட மேற்பார்வையாளர்:
புரை என்றால் கண்ணில் வருவது. நாங்கள் 'ஊறல்' என்போம். சொல் எதுவானாலும் ஒன்றை எழுதுங்கள் சார்: மதகுச் சுவரில் நீர்மட்டத்துக்குக் கீழே எடுத்த அளவையும் மேலே எடுத்ததையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது. கீழே வேகம் கூடியிருப்பதால் அங்கே கான்கிரீட் நல்லது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

கும்பகோணம், தமிழாசிரியர்:
ஊறல் செய்தித்தாளில் சாராயத்துக்குப் போய்விட்டது. ஊறு என்றால் தொடுகையும் ஆகும்.

திருவாரூர், சித்த மருத்துவர்:
அப்படியானால் 'உள்ளீரம்'. படித்தவுடன் புரியும்.

நாகப்பட்டினம், கட்டட மேற்பார்வையாளர்:
எனக்குச் சம்மதம். கொத்தனாருக்கும் விளங்கும்.

மன்னார்குடி, பாலிடெக்னிக் ஆசிரியர்:
காற்றுக்கு ஈரப்பதம், கான்கிரீட்டுக்கு உள்ளீரம் என்று அனுப்பிவிட்டேன். அளவு அட்டவணையில் 'நனைந்தது, உலர்ந்தது' என்று குறிக்க ஒரு கட்டமும் சேர்த்தாயிற்று. மேற்பார்வையாளர் ஐயாவுக்கு நன்றி.

கும்பகோணம், தமிழாசிரியர்:
அச்சாகட்டும். ஆனால் எனக்கு ஒப்பவில்லை. கலவையில் ஊற்றிய நீரும் உள்ளேதானே இருக்கிறது? பின்னால் வெளியிலிருந்து ஏறிய ஈரத்தை எப்படிப் பிரிப்பீர்கள்? ஓதம் 'ஏறுவது'. அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.