ஏற்காட்டுப் பேருந்துப் பயணத்துக்கு ஏற்ற மடிக்கணினிப் பை: அடிப்பக்கம் நனைவது ஏன், எதைப் பார்த்து வாங்குவது?

அஸ்தம்பட்டிவாசி:
அனைவருக்கும் வணக்கம். சேலத்திலிருந்து ஏற்காட்டிலுள்ள ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்துக்குக் கணக்கு வேலையாகப் பெரும்பாலும் பேருந்திலும், வானம் வெளுத்திருக்கும் நாள்களில் ஸ்கூட்டரிலும் சென்று வருகிறேன். 15.6 அங்குல மடிக்கணினி, சார்ஜர், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, ஸ்வெட்டர் ஆகியவை தினமும் உடன் வரும். என் முதுகுப்பையில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று சீட்டுத் தொங்கியது. ரெயின் கவரும் போடுகிறேன். ஆனாலும் ஐப்பசி மழையில் மடிக்கணினி வைக்கும் அறையின் அடிப்பக்கம் மட்டும் ஈரமாகிவிடுகிறது. புதிதாக வாங்கலாம் என்றிருக்கிறேன். 3,000 ரூபாய்க்குள், வியாபாரிகள் வந்து அமரும் மேசையருகே வைத்தாலும் கண்ணுக்கு நன்றாக இருக்கும்படி எதை வாங்கலாம்?

செவ்வாய்ப்பேட்டை பை தையலகம்:
வணக்கம் ஐயா. வாங்கும் முன் காரணத்தைக் கண்டுகொள்வது நல்லது. இல்லையென்றால் புதிய பையிலும் இதே தொல்லை வரும். பேருந்தில் பையை எங்கே வைக்கிறீர்கள்? பையின் உட்புறத்தைக் கையால் தேய்த்தால் ஏதாவது உதிர்கிறதா?

அஸ்தம்பட்டிவாசி:
இடம் கிடைத்தால் மடியில், இல்லையென்றால் காலடியில். தேய்த்துப் பார்த்தேன், வெள்ளையாகச் செதில் செதிலாக உதிர்ந்து விரலில் ஒட்டுகிறது. மடிக்கணினி மூடியின்மேல் அடிக்கடி காணும் தூசியும் இதுதான் போலிருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை பை தையலகம்:
அப்படியானால் விளங்கிவிட்டது. துணியின் உட்புறம் பூசியிருந்த பாலியூரித்தேன் பூச்சுதான் அவ்வாறு உதிர்கிறது. காற்றிலுள்ள ஈரத்தாலேயே அது நாளடைவில் சிதைந்துவிடும், மறுபடி பூசிச் சரிசெய்வது கட்டுப்படியாகாது. மழை நாளில் பேருந்தின் தரை முழுவதும் ஈரமாகத்தான் இருக்கும். பூச்சுப் போன துணி அதை உறிஞ்சி, அடித்தையலின் ஊசித்துளைகள் வழியே மேலே அனுப்புகிறது. ரெயின் கவர் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் காக்குமே தவிர, முதுகில் ஒட்டும் பக்கத்தைத் திறந்தே விட்டுவிடும். மடிக்கணினி இருப்பதோ அந்தப் பக்கத்தில்தான்! ஆகவே கவரை நம்பி வாங்காதீர்கள்.

கடையில் மடிக்கணினி அறைக்குள் கையை அடிவரை விட்டுப் பாருங்கள். அறையின் அடி, பையின் அடியைத் தொடாமல் இரண்டு விரல் உயரத்தில் தொங்கினால், பையைத் தரையில் தொப்பென்று வைத்தாலும் கணினியில் அடி படாது, ஈரமும் எளிதில் ஏறாது. மேலே தடித்த ஃபோம் வைத்துவிட்டு அடியில் வெறும் லைனிங்கோடு விட்டிருக்கும் பைகள் ஏராளம். அடுத்து, வார் பையோடு சேரும் இடத்தில் பெட்டிபோல் சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்குத் தையல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கடைக்கு வரும் பைகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில் பிய்ந்தவைதான். ஜிப்பை மூலை வளைவில் ஒரு கையால் இழுத்துப் பாருங்கள். அங்கே ரன்னர் திணறினால் பையை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சீட்டில் 600 டெனியர், 1680 டெனியர் என்று போட்டிருப்பது, 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கும் என்ற கணக்கு. எண் கூடினால் நூல் தடிமன் என்று பொருள். அதனால் தண்ணீர் நிற்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

நாகலூர் தோட்டத்தார்:
மலையில் குடியிருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மழையை விட இங்கே பனிமூட்டம் பொல்லாதது. ஈரமான பையை மூடி வைத்தால் பூஞ்சை பிடித்து நாற்றம் வந்துவிடும். உள் லைனிங் வெளிர் நிறமாக இருக்கட்டும். பூஞ்சையும் தெரியும், தவறி விழுந்த பென் டிரைவும் தெரியும். குளிர்ந்த கணினியைக் கீழே சேலத்தின் வெப்பத்தில் உடனே வெளியே எடுத்தால் அதன்மேல் நீர் பூக்கும். வீடு சேர்ந்ததும் அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் காலடியில் சறுக்காமல் நிற்க, அடி தட்டையாக உள்ள பைதான் தேவை.

கல்லூரி விரிவுரையாளர்:
15.6 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்ட அளவு மட்டுமே. விளையாட்டுக்கான தடித்த கணினி என்றால் அதே அளவுப் பையில் நுழையாமலும் போகலாம். கணினியையே கடைக்குக் கொண்டு செல்லுங்கள். அழகைப் பொறுத்தவரை, வெளியே பட்டைகளும் கொக்கிகளும் தொங்காத, கருஞ்சாம்பல் அல்லது கருநீல நிறப் பை எந்த அலுவலகத்திலும் எடுப்பாக இருக்கும். ரெக்சின் பட்டி வைத்தவை வாங்கும்போது அழகாக இருந்தாலும், நம் ஊர் வெயிலிலும் மலை ஈரத்திலும் விரைவில் தோலுரிந்துவிடும். உங்கள் சுமைக்கு 25 லிட்டர் கொள்ளளவு போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத்தான் மனம் போகும்.

அஸ்தம்பட்டிவாசி:
மூவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை கணினியோடு கடைக்குச் செல்கிறேன். பழைய பையின் வார்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. காய்கறி வாங்கவாவது பயன்படுத்தலாமா?

செவ்வாய்ப்பேட்டை பை தையலகம்:
தாராளமாக. உள்ளே ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, உதிரும் பூச்சை முழுவதும் எடுத்துவிட்டு நிழலில் காயவைத்துக்கொள்ளுங்கள். கணினியை மட்டும் அதில் வைக்காதீர்கள்.