பெருத்த ஆளோட ரிங்குல ஏறும்போது வர்ற பயம்: எதைப் பழக்கணும்?

களியல்_கார்னர் (கேள்வி):
அண்ணாச்சிமாரே, குழித்துறை, பாறசாலை சுத்துவட்டாரத்துல குத்துச்சண்டையில சூப்பர் ஹெவி எடைக்கு ஆளே கம்மி. அதுல ஒருத்தர் எல்லாரையும் முதல் ரவுண்டுலயே முடிச்சு விடுறார்னா, டிரா ஷீட்ல எதிர்ல பேர் விழுந்தவன் அன்னைக்கே பாதி தோத்துப் போறான். கடைசி எடைப் பிரிவுல மேல் வரம்பும் கிடையாது. நம்ம பையன் 94 கிலோ, எதிராளி 112.

தொங்குற பேக்லயும், கோச் கையில பிடிக்கிற மிட்ஸ்லயும் அடி நல்லா விழுது. பெரிய ஆள் முன்னாடி வந்துட்டா மட்டும் தோள் காதுக்கு ஏறுது, நேரா பின்னாடி போறான், ஒரு நிமிஷத்துல இளைக்குது. "பயப்படாதல மக்கா"ன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல. 5 வாரம் இருக்கு. எங்கேருந்து தொடங்கணும்? எடை போடுற இடத்துல முறைச்சுப் பார்ப்பாங்களே, அதுக்கு என்ன செய்ய?

ஆறு_மீட்டர்:
தோள், பின்வாங்கல், இளைப்புன்னு மூணு குறை சொல்லியிருக்கீங்க. மூணுக்கும் வேர் மூச்சுதான். பெரிய கை வர்றதைப் பார்த்ததும் மூச்சை உள்ளேயே பிடிச்சு வெச்சுக்கிறான். மூச்சு நின்னா தோள் ஏறும், முஷ்டி இறுகும், முன்கை ஒரு நிமிஷத்துக்குள்ள கனத்துப் போகும். வெளியே இருந்து பார்க்கிறவங்க "ஸ்டாமினா பத்தல"ன்னு காலையில 10 கிலோமீட்டர் ஓட விடுவாங்க. ஓடினா கால்தான் வலிக்கும், இது தீராது.

ஸ்பாரிங் நடக்கும்போது கண்ணை விட்டுட்டுக் காதைக் குடுங்க. ஒவ்வொரு அடிக்கும் "ஸ்ஸ்"னு மூச்சு வெளிய வர்ற சத்தம் கேட்கணும். அது எந்த நொடியில நிக்குதோ அந்த நொடியில பயம் பிடிச்சுடுச்சு. ஸ்டாப்வாட்ச்ல குறிச்சு வைங்க, வாரா வாரம் அந்த நொடி தள்ளிப் போகணும்.

முதல் வாரம் அவன் அடிக்கவே வேண்டாம். 100 கிலோவுக்கு மேல உள்ள ஒருத்தர் 16 அவுன்ஸ் கிளவுஸ் போட்டு, பத்துக்கு மூணு பலத்துல ஜாப் (முன் கையால நேரா குத்துறது) மட்டும் போடட்டும். பையன் தட்டி விடணும், ஒவ்வொரு தட்டுக்கும் மூச்சை விடணும். 2 நிமிஷம், 4 ரவுண்டு. பார்க்க சின்னப்புள்ள விளையாட்டு மாதிரி இருக்கும். பெரிய கை முகத்துக்கு நேரா வந்தாலும் கண்ணை மூடாம இருக்கப் பழகுறது இதுலதான், அதனால தாண்டிப் போகாதீங்க.

ரெண்டாவது வாரம் பெரியவருக்கு ரெண்டு கையும், பத்துக்கு அஞ்சு பலம். பையனுக்கு ஜாபும் பிவட்டும் (முன்னங்காலை ஊன்றித் திரும்புறது) மட்டும். ஒரே விதி: நேர் பின்னாடி ஒரு எட்டு வைக்கலாம், ரெண்டாவது எட்டு பக்கவாட்டுலதான். ரிங் கயிறுக்குள்ள 6.1 மீட்டர் சதுரம். நடுவுல இருந்து கயிறு 3 மீட்டர்தான், 112 கிலோ ஆள் அழுத்திக்கிட்டு வந்தா நாலு எட்டுல முதுகு கயிறுல முட்டிடும். கயிறுல இருந்து ஒரு மீட்டர் உள்ள தள்ளி நாலு பக்கமும் சாக்பீஸ்ல கோடு போடுங்க. கால் கோட்டைத் தொட்டா ரவுண்டை நிறுத்தி நடுவுல இருந்து திரும்பத் தொடங்குங்க.

மூணாவது வாரத்தைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. பெல் அடிக்கும்போதே முதுகு கயிறுல இருக்கணும். 20 செகண்டுக்குள்ள வெளிய வரணும், அப்படி 10 தடவை. ரெண்டு பேரும் ஆர்த்தடாக்ஸ்னா (இடது கையும் இடது காலும் முன்னாடி வெச்சு நிக்கிறவங்க), அவரோட இடது முழங்கையை நம்ம வலது கையால உள்பக்கமா மறிச்சு, வலது பக்கமா வெளிய வரணும். அவரோட பெரிய வலது கைக்கு அப்போ தூரம் அதிகம். இடது பக்கம் ஓடினா அந்தக் கைக்குள்ளேயே போய் விழுவான், பயந்தவன் பெரும்பாலும் அங்கதான் ஓடுவான். மறிக்கிற கையைத் தோளுக்கு மேல தூக்க வேண்டாம், பக்கவாட்டுல வளைஞ்சு வர்ற இடது ஹூக்குக்குத் தாடை தெரிஞ்சுடும். பிடிச்சுத் தள்ளினா ரெஃப்ரி எச்சரிப்பார்.

நாலாவது வாரம் 3 நிமிஷம், 3 ரவுண்டு, பத்துக்கு ஏழு பலம். வாரத்துக்கு ஒரே நாள் போதும். போட்டிக்கு முந்தின 8 நாள் பலமான ஸ்பாரிங் கிடையாது.

பழைய_பெல்:
மேல சொன்னதோட ஒத்துப் போறேன். ஆனா கேள்வியிலேயே ஒரு நினைப்பு ஒளிஞ்சிருக்கு: பயத்தை எடுத்துட்டா ஜெயிச்சுடலாம்னு. ஹெவிவெயிட் சரித்திரம் அப்படிச் சொல்லல.

1988 ஜூன்ல மைக்கேல் ஸ்பிங்க்ஸ், அது வரைக்கும் 31 சண்டையில தோல்வியே இல்லாதவர், மைக் டைசன்கிட்ட 91 செகண்டுல விழுந்தார். பயத்துக்கு எடுத்துக்காட்டுன்னா எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. 1962ல லிஸ்டன்கூட மோதின பேட்டர்சன், தோத்தா யார் கண்ணுலயும் படாம வெளிய போக ஒட்டுத்தாடியே கையோட கொண்டு போயிருந்தார். 2 நிமிஷம் 6 செகண்டுல தோத்தார்.

சரி, பயப்படாத ஆளைப் பாருங்க. 1973 ஜனவரி, கிங்ஸ்டன். ஜோ ஃப்ரேஸியர் ஃபோர்மேனைப் பார்த்து ஒரு இம்மி பின்வாங்கல, நேரா உள்ள போனார். ரெண்டே ரவுண்டுல ஆறு தடவை தரையில. தைரியத்துக்குக் குறைச்சல் இல்ல, தூரம்தான் தப்பு. ஃபோர்மேனோட கைக்கு எந்த தூரம் வசதியோ அங்கேயே போய் நின்னார்.

இன்னொரு பக்கம் 1964 மயாமி பீச். 22 வயசு கேஷியஸ் கிளே (பின்னாடி முகமது அலி) எடை போடுற இடத்துல கத்தின கத்துல டாக்டர் நாடி பார்த்தா 120. வழக்கமா 54 இருக்கிற ஆள். பயத்துல மூளை கலங்கிடுச்சுன்னே பலர் நினைச்சாங்க. அன்னைக்கு ராத்திரி லிஸ்டன் ஏழாவது ரவுண்டுக்கு ஸ்டூலை விட்டு எழும்பல.

1990ல டோக்கியோவுல பஸ்டர் டக்ளஸ் ஜெயிச்சது முக்கியமா ஜாபால. டைசனை விட அவருக்குக் கை நீளம் 12 அங்குலம் கூட, அந்த 12 அங்குலத்தை ரவுண்டுக்கு ரவுண்டு பயன்படுத்தினார். எட்டாவதுல விழுந்தும் எழும்பினார், பத்தாவதுல முடிச்சார். அதனால பையன்கிட்ட "பயமா இருக்கா"ன்னு கேட்காதீங்க. "இப்ப நிக்கிற இடத்துல இருந்து அவர் கை உனக்கு எட்டுமா"ன்னு கேளுங்க.

அப்புறம், 1974ல அலி கயிறுல சாய்ஞ்சு ஃபோர்மேனைக் களைக்க வெச்சாரே, அதைப் பையனுக்குக் காட்டாதீங்க. அது 15 ரவுண்டுக்குன்னு வெச்ச சண்டை. மூணு ரவுண்டு அமெச்சூர்ல கயிறுல சாய்ஞ்சு அடி வாங்கினா எதிராளி களைக்கிறதுக்கு முன்னாடி ரெஃப்ரி சண்டையை நிறுத்தி எட்டு வரைக்கும் எண்ணத் தொடங்கிடுவார்.

வெள்ளறடை_சேட்டன்:
ஒண்ணு விட்டுப் போச்சு. ஸ்பாரிங்குக்கு வர்ற பெரிய ஆள் யாரு? நம்ம பக்கம் அந்த எடையில ஆள் கிடைக்காதுன்னு, கிடைச்ச முரடன்கிட்ட பையனை விட்டு "பயம் தெளியட்டும்"னு நிறைய ஜிம்ல பண்றாங்க. பயம் தெளியாது, இரட்டிப்பாகும். பெரியவர் கையை அடக்கத் தெரிஞ்சவரா இருக்கணும். அப்படி ஆள் இல்லேன்னா, உயரமான 85 கிலோக்காரர் போதும். ஹெட்கார்டு, பல்லுக்குக் கம்ஷீல்டு இல்லாம ஏத்தவே கூடாது.

தலையில அடி வாங்கி ரெஃப்ரி நிறுத்தியிருந்தாலோ நாக் அவுட் ஆகியிருந்தாலோ குறைஞ்சது 30 நாள் ஸ்பாரிங் கிடையாது, அது விதி. மறுநாள் தலைவலியை மறைச்சுட்டு வர்ற பையனும் உண்டு, வீட்டுலயும் கேளுங்க. 18 கிலோ வித்தியாசத்துல பாடம் இன்னும் ஏறலேன்னா பேரை வாபஸ் வாங்கினாலும் ஒரு கேடும் இல்ல.

கண்ணு விஷயம். களரியில "மெய் கண்ணாகணும்"னு சொல்வோம். பயந்தவன் எதிராளியோட கிளவுஸையே பார்ப்பான், கிளவுஸ் கிளம்பின பிறகு நேரம் இல்ல. நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் மேல பார்வையை நிறுத்தினா ரெண்டு தோளும் சேர்ந்து தெரியும். பெரிய ஆளுக்கு வலது கை வரும் முன்னாடி பின்னங்கால் குதி தரையை விட்டுக் கிளம்பும், வலது தோள் திரும்பும். கோயில் யானை காதாட்டுறதை நிறுத்தினதும் பாகன் உஷாராவார் பார்த்திருக்கீங்களா, அதே மாதிரி அறிகுறி முன்கூட்டியே வரும்.

களியல்_கார்னர்:
ரொம்ப நன்றி. சாக்பீஸ் கோடு இன்னைக்கே போட்டுடலாம். போட்டி அன்னைக்குக் காலையில இருந்து பெல் அடிக்கிற வரைக்கும் உள்ள நேரத்தை எப்படி ஓட்ட? அப்புறம் அந்த முறைப்பு?

ஆறு_மீட்டர்:
முறைச்சா முறைக்க வேண்டாம், தலையையும் குனிய வேண்டாம். அவர் நெத்தியில ஒரு புள்ளியைப் பார்த்துட்டு, எடை சொன்னதும் திரும்பிடட்டும். முறைப்புப் போட்டியில கலந்துக்கிட்டா அதுலயே ஒரு ரவுண்டு தோக்கலாம். எடை போட்ட பிறகு எதிராளி மிட்ஸ் அடிக்கிற பக்கம் பையனை உட்கார வைக்காதீங்க. சத்தம் மட்டும் கேட்டாலே வயிறு கலங்கும்.

எடை முடிஞ்சதும் பசியில மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வெட்டினா ரிங்குல கல்லு மாதிரி கிடக்கும். ஏறுறதுக்கு 3 மணி நேரம் முன்னாடி கஞ்சி, பயறு, ஒரு பழம், அவ்வளவு போதும். கட்டன் சாயா அன்னைக்கு வேண்டாம், ஏற்கெனவே படபடக்கிற நெஞ்சு இன்னும் படபடக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூத்திரம் போகணும்னு சொல்வான், விடுங்க, அது இயல்பு.

பேர் கூப்பிட 25 நிமிஷம் முன்னாடி உடம்பைச் சூடாக்கத் தொடங்குங்க. நெத்தி வியர்க்கணும். குளிர்ந்த உடம்போட ஏறினவன் முதல் அடியிலேயே விறைச்சுப் போவான். கடைசி 2 நிமிஷம் மூக்கால 4 எண்ணி இழுத்து, வாயால 8 எண்ணி விடட்டும், பத்துத் தடவை.

பெல் அடிச்சதும் முதல் 40 செகண்டு யோசிக்கவே விடாதீங்க, மனப்பாடமா இருக்கணும். நடுவுக்கு நடந்து போ, முதல் அடி உன்னுது, தலைக்கு இல்ல, நெஞ்சுக்கு ஜாப். நெஞ்சு பெருசு, தப்பாது. ஒரு அடி விழுந்த உணர்வு வந்ததும் கை இளகும். மூணு ஜாப், வலது பக்கம் ஒரு எட்டு, திரும்ப மூணு. நெஞ்சுக்கு அடிக்கும்போது முழங்காலை மடக்கித் தாழ்ந்து அடிக்கணும். நின்ன வாக்குல கையை மட்டும் தாழ்த்தினா அவரோட வலது கை மேல இருந்து வரும்.

பேண்டேஜ் கட்டும்போது விரலை விரிச்சு வெச்சுக் கட்டுங்க. பயத்துல அவன் முஷ்டியை மூடியே வெச்சிருப்பான், அப்படியே கட்டினா விரிக்கும்போது இறுகி விரல் மரத்துப் போகும். கட்டும்போதே அவன் உள்ளங்கை சூட்டையும் பாருங்க. ஐஸ் மாதிரி இருந்தா இன்னும் 5 நிமிஷம் ஷேடோ (எதிராளி இல்லாம காத்துல குத்துறது) பண்ண விடுங்க, அப்புறம் கிளவுஸ் போடலாம்.