அம்மாவின் மசாலைக் கடைத் தளத்துக்கு எந்த எஸ்எஸ்எல் சான்றிதழ்? 60 வெள்ளியா, 900 வெள்ளியா (மலேசிய ரிங்கிட்)?

பட்டர்வொர்த்_மகள் (சனி காலை)

வணக்கம். அம்மா பல வருடமாக வீட்டிலேயே கறித்தூள், மீன் மசாலை, மாங்காய் ஊறுகாய் செய்து விற்கிறார். இதுவரை எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். தீபாவளி நெருங்கினால் செய்திகள் குவிந்துவிடும். யார் காசு போட்டார், யார் போடவில்லை என்று நானும் அம்மாவும் நள்ளிரவு வரை நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுவோம். அதனால் இந்த வருடம் ஒரு தளம் போட முடிவெடுத்தோம். எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிந்த தொழில் என்பதால் காம் டாட் எம்ஒய் டொமைன் எடுத்தேன். சின்ன விபிஎஸ் (வாடகைச் சர்வர்) ஒன்று, அதில் உபுண்டு, என்ஜின்எக்ஸ் (தளத்தைப் பரிமாறும் மென்பொருள்), வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ். பணம் எஃப்பிஎக்ஸ் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்தும் முறை) வழியாக வரும். அதற்கு ஒரு கட்டண கேட்வேயில் கணக்கு திறந்திருக்கிறேன்.

இப்போது தளத்தைத் திறந்தால் குரோம் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. டொமைன் விற்றவரிடம் கேட்டேன். எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளம் உண்மையானது என்று உலாவிக்குக் காட்டி, இணைப்பைப் பூட்ட உதவும் கோப்பு) வேண்டும் என்றார். மூன்று விலை சொன்னார்: டிவி (டொமைன் சரிபார்ப்பு) 60 வெள்ளி, ஓவி (நிறுவனச் சரிபார்ப்பு) 350, இவி (விரிவான சரிபார்ப்பு) 900, எல்லாம் ஒரு வருடத்துக்கு. பணம் வாங்கும் தளம் என்றால் இவிதான் எடுக்க வேண்டும், முகவரிப் பட்டையில் நிறுவனப் பெயரோடு பச்சைப் பட்டை வந்தால்தான் மக்கள் நம்புவார்கள் என்கிறார். சான்றிதழோடு சேர வேண்டிய ரகசியச் சாவிக் கோப்பைத் தானே உருவாக்கி எனக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுவதாகவும் சொன்னார்.

900 வெள்ளி என்பது அம்மா கிட்டத்தட்ட ஒரு மாதம் அடுப்படியில் நின்று சம்பாதிப்பது. அவசியம் என்றால் கட்டிவிடுவேன். அவசியமா என்றுதான் தெரியவில்லை. நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். சர்வர் எல்லாம் படித்துப் படித்துச் செய்வதுதான்.

செந்தூல்வாசி

தங்கச்சி, 900 கட்ட வேண்டாம். 60-உம் வேண்டாம்.

இந்த மூன்று வகைக்கும் உள்ள வேறுபாடு, சான்றிதழ் தருவதற்கு முன் எதைச் சரிபார்க்கிறார்கள் என்பதுதான். டிவி என்றால் டொமைன் உங்கள் கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஓவிக்கு நிறுவனம் உண்மையில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இவியில் அந்தச் சோதனை இன்னும் கடுமை. பூட்டு மூன்றிலும் ஒன்றுதான். வாடிக்கையாளர் தட்டச்சு செய்வதை வழியில் யாரும் படிக்க முடியாமல் மறைப்பது டிஎல்எஸ். அதன் பலம் உங்கள் சர்வர் அமைப்பைப் பொறுத்தது, சான்றிதழின் விலையைப் பொறுத்தது அல்ல. (எஸ்எஸ்எல் என்பது பழைய பெயர். அதன் கடைசிப் பதிப்பான 3.0-வை 2015-லேயே கைவிடச் சொல்லிவிட்டார்கள். கடைக்காரர்கள் மட்டும் அந்தப் பெயரை விடவில்லை.)

பச்சைப் பட்டை இப்போது கிடையாது. 2019 செப்டம்பரில் குரோம் 77, அடுத்த மாதம் ஃபயர்ஃபாக்ஸ் 70, இரண்டும் இவியின் நிறுவனப் பெயரை முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டன. இன்று உங்கள் வாடிக்கையாளர் அதைப் பார்க்க வேண்டுமானால் முகவரிக்குப் பக்கத்தில் தட்டி, உள்ளே போய்த் தேட வேண்டும். ஊறுகாய் வாங்க வந்தவர் அதைச் செய்ய மாட்டார்.

எஃப்பிஎக்ஸில் வாடிக்கையாளர் தன் வங்கியின் பக்கத்துக்கே போய்த்தான் கடவுச்சொல் கொடுக்கிறார். உங்கள் தளம் அதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண் உங்கள் படிவத்தில்தான் விழுகின்றன. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருக்கு உண்டு. அதனால் எச்டிடிபிஎஸ் (பூட்டிய இணைப்பு) கட்டாயம் வேண்டும். அதற்கு டிவி போதும்.

லெட்ஸ் என்கிரிப்ட்டில் எடுங்கள். ஓர் இலாப நோக்கற்ற அமைப்பு 2015 கடைசியிலிருந்து இலவசமாகக் கொடுக்கிறது. 90 நாள் ஆயுள். விபிஎஸ் உங்களுடையது என்பதால் செர்ட்பாட் என்ற மென்பொருளைப் போட்டால் எடுப்பதையும் புதுப்பிப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா

சாவிக் கோப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே! தங்கச்சி, அதை மின்னஞ்சலில் வாங்கவே வாங்காதீர்கள். அது உங்கள் சர்வரிலேயே பிறந்து, அங்கேயே இருக்க வேண்டியது. காசு கொடுத்து வாங்கும் சான்றிதழாக இருந்தாலும், நீங்கள் அனுப்ப வேண்டியது சிஎஸ்ஆர் (சான்றிதழ் விண்ணப்பம்) கோப்பு மட்டும். சாவி வெளியே போகாது. இன்னொருவர் கைக்குப் போய் வந்த சாவியை வைத்து, உங்கள் தளம் போலவே நடிக்கும் சர்வரை அவர் அமைக்கலாம், உலாவி ஒரு எச்சரிக்கையும் காட்டாது.

பாயான்லெப்பாஸ்

செந்தூல் சொன்னது சரி. ஆனால் ஓவி யாருக்குமே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சில பெரிய வாங்குநர்கள் ஒப்பந்தத்திலேயே ஓவி வேண்டும் என்று எழுதுகிறார்கள். அந்த மாதிரி யாராவது கேட்டால் வாங்குங்கள். மசாலைக் கடைக்கு யாரும் கேட்கப் போவதில்லை.

'ஒரு வருடத்துக்கு' என்று அவர் சொன்ன விலையையும் கவனியுங்கள். 2020 செப்டம்பரிலிருந்து ஒரு சான்றிதழின் உச்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குநர்களும் சேர்ந்த அமைப்பு அதைக் குறைக்க 2025 ஏப்ரலில் முடிவெடுத்துவிட்டது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். அதாவது ஒரு வருடச் சந்தா கட்டினாலும் நடுவில் மறுபடி மறுபடி மாட்ட வேண்டும். கையால் மாட்டுவது முடிகிற காரியம் இல்லை. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை இப்போதே சரியாகச் செய்துவிடுங்கள், உங்கள் நேரத்தை அதில் போடுங்கள்.

பட்டர்வொர்த்_மகள் (சனி இரவு)

எல்லாருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் 900 வெள்ளி வேண்டாம் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

ஆனால் செர்ட்பாட் தோற்கிறது. 'அன்ஆதரைஸ்ட்' என்று ஒரு பிழை, கூடவே 404 ('அப்படி ஒரு பக்கம் இல்லை'). டொமைனை உலாவியில் திறந்தால் என் தளம் சரியாகவே வருகிறது. 80-ஆம் போர்ட் (சர்வருக்குள் வரும் வாசல்) திறந்திருக்கிறது. திரும்பத் திரும்ப முயன்றேன், இப்போது 'அளவுக்கு மீறி முயன்றுவிட்டீர்கள்' என்கிறது. தளத்தையே கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

செந்தூல்வாசி

ஒன்றும் கெடவில்லை. ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை தோற்றால் அவர்கள் நிறுத்திவைப்பார்கள். காத்திருந்தால் திறந்துவிடும். அதுவரை 'ட்ரை ரன்' போட்டுப் பாருங்கள். அது சோதனைச் சர்வரில் ஓடும், இந்தக் கணக்கில் சேராது.

பிழைச் செய்தியில் ஓர் ஐபி முகவரி இருக்குமே, அது உங்கள் விபிஎஸ் முகவரியா? புள்ளி வைத்த எண்ணா, இல்லை முக்காற்புள்ளி வைத்து நீளமாக இருக்கிறதா?

பட்டர்வொர்த்_மகள்

நீளமாக, நடுவில் இரண்டு இரண்டு புள்ளியாக இருக்கிறது. என் விபிஎஸ் முகவரி அது இல்லை அண்ணே.

செந்தூல்வாசி

அதுதான் காரணம். டொமைன் விற்ற இடத்தில் டிஎன்எஸ் பக்கத்தைத் (டொமைன் பெயரைச் சர்வர் முகவரியோடு இணைக்கும் பட்டியல்) திறங்கள். 'ஏ' பதிவை உங்கள் விபிஎஸ்ஸுக்கு மாற்றியிருப்பீர்கள். 'ஏஏஏஏ' என்று இன்னொரு பதிவு, அவர்களின் பழைய 'விரைவில் வருகிறது' பக்கத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். அது ஐபிவி6 முகவரி. டொமைன் உங்களுடையதா என்று பார்க்க லெட்ஸ் என்கிரிப்ட் உங்கள் சர்வரிடம் ஒரு சோதனைக் கோப்பைக் கேட்கும்; ஐபிவி6 இருந்தால் அந்தக் கதவைத்தான் முதலில் தட்டும். அங்கே வேறொரு சர்வர் இருந்துகொண்டு 404 என்று பதில் சொல்கிறது. பதிலே வராமல் நேரம் கடந்தால்தான் ஐபிவி4-க்குப் போகும். தவறான பதில் வந்தால் அங்கேயே முடித்துவிடும். உங்கள் வீட்டு இணைப்பு ஐபிவி4 வழியாகப் போவதால் உங்களுக்குத் தளம் சரியாகத் தெரிந்திருக்கிறது. வாடிக்கையாளர்களில் சிலர் இப்போதும் அந்தப் பழைய பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பதிவை அழியுங்கள். இல்லை, விபிஎஸ்ஸுக்குச் சொந்த ஐபிவி6 இருந்தால் அதை அங்கே போடுங்கள்.

பட்டர்வொர்த்_மகள் (ஞாயிறு காலை)

அழித்தேன், அரை மணி நேரம் கழித்து முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டது! பாதுகாப்பற்றது என்ற வார்த்தை போய்விட்டது.

ஆனால் இன்னொரு பிரச்சினை, இது பெரியது. சோதனைக்கு நானே 5 வெள்ளிக்கு ஒரு ஆர்டர் போட்டேன். வங்கியில் காசு கழிந்துவிட்டது. தளத்தில் அந்த ஆர்டர் 'பணத்துக்குக் காத்திருக்கிறது' என்றே நிற்கிறது. கேட்வே பதிவேட்டில் 'எஸ்எஸ்எல் பிழை, வழங்குநரைச் சரிபார்க்க முடியவில்லை' என்று இருக்கிறது. என் மடிக்கணினியில் குரோம் எந்தக் குறையும் சொல்லவில்லையே? 900 வெள்ளிக்காரர் சொன்னது உண்மையோ என்று அம்மா கேட்கிறார்.

பாயான்லெப்பாஸ்

இல்லை அம்மா, இது விலையால் வந்ததில்லை. 900 வெள்ளிச் சான்றிதழை இப்படி மாட்டியிருந்தாலும் இதே பிழைதான் வரும். என்ஜின்எக்ஸ் அமைப்பை நீங்களே கையால் எழுதினீர்களா? எஸ்எஸ்எல் சான்றிதழ் வரியில் எந்தக் கோப்பு இருக்கிறது?

பட்டர்வொர்த்_மகள்

ஆமாம், பழைய கட்டுரை ஒன்றைப் பார்த்து எழுதினேன். செர்ட் டாட் பெம்.

பாயான்லெப்பாஸ்

அதை ஃபுல்செயின் டாட் பெம் என்று மாற்றி என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யுங்கள்.

விளக்கம் இதுதான். உங்கள் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது, எல்லாரும் முன்பே நம்பும் மூலச் சான்றிதழ் அல்ல, நடுவில் இருக்கும் ஒன்று. அந்த நடுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது மூலம். கேட்வே சர்வருக்கு மூலத்தை மட்டும்தான் தெரியும். நடுவில் உள்ளதை நீங்கள் சேர்த்து அனுப்பினால்தான் சங்கிலி முழுமையாகும். செர்ட் கோப்பில் உங்களுடையது மட்டும் இருக்கிறது; ஃபுல்செயினில் இரண்டும் இருக்கின்றன. மடிக்கணினி குரோம் விடுபட்டதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், அதனால் குறை தெரியவில்லை. 'காசு வந்துவிட்டது' என்று சொல்ல உங்கள் தளத்தைக் கூப்பிடும் கேட்வே சர்வர் அப்படித் தேடாது, இணைப்பையே முறித்துவிடும்.

மாற்றியதும் எஸ்எஸ்எல் லேப்ஸ் என்ற இணையச் சோதனையில் டொமைனைக் கொடுங்கள். 'செயின் இஷ்யூஸ்' என்ற வரியில் 'இன்கம்ப்ளீட்' என்று வரக் கூடாது.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். நான் ஒரு கோவிலின் நன்கொடைத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செர்ட்பாட் ஒழுங்காகப் புதுப்பித்திருந்தது, புதிய கோப்பு வட்டில் இருந்தது. ஆனால் என்ஜின்எக்ஸை யாரும் ரீலோட் செய்யாததால் அது நினைவகத்தில் இருந்த பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருந்தது. தைப்பூச வாரத்தில் அது காலாவதியானது. அன்னதானத்துக்குக் காசு போட வந்தவர்கள் சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். தண்ணீர்மலையில் காவடி ஏறும் நேரத்தில் நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து கைப்பேசியில் அதைச் சரிசெய்தேன். இன்னும் மனதில் நிற்கிறது.

அதனால்: செர்ட்பாட்டின் 'ரினியூவல் ஹூக்ஸ்' கோப்புறைக்குள் 'டிப்ளாய்' என்று ஒன்று இருக்கும். என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யும் ஒரு வரிக் கோப்பை அதில் போட்டு, இயங்கும் அனுமதி கொடுங்கள். ட்ரை ரன்னில் அந்தக் கோப்பு ஓடாது, எனவே அதைத் தனியாக ஒரு முறை கையால் ஓட்டிப் பாருங்கள். காலாவதி நெருங்குகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் முன்பு மின்னஞ்சல் அனுப்பும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். கைப்பேசி நாள்காட்டியில் 65-ஆம் நாள் ஒரு நினைவூட்டல் வையுங்கள். அன்று பார்க்கும்போது சான்றிதழில் புதிய காலாவதித் தேதி இருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா

நான் இப்போதுதான் தளத்தைத் திறந்து பார்க்க நினைத்தேன். பழக்கத்தில் முன்னால் மூன்று டபிள்யூ போட்டேன், எச்சரிக்கை வருகிறது தங்கச்சி. சான்றிதழில் அந்தப் பெயர் இல்லை.

பட்டர்வொர்த்_மகள்

அதை வெறும் பெயருக்குத் திருப்பிவிட்டிருக்கிறேனே அக்கா?

செந்தூல்வாசி

திருப்புவதற்கு முன்பே உலாவி சான்றிதழைப் பார்த்துவிடும். அதனால் இரண்டு பெயரும் அதில் இருந்தாக வேண்டும். செர்ட்பாட்டில் இரண்டையும் கொடுத்து மறுபடி எடுங்கள். ஒரே சான்றிதழில் இரண்டும் அடங்கும், வைல்ட்கார்ட் (எல்லாத் துணைப் பெயருக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ்) எல்லாம் தேவையில்லை. வைல்ட்கார்ட் என்றால் டிஎன்எஸ் பதிவு வழியாகத்தான் நிரூபிக்க முடியும், உங்களுக்கு அது வீண் வேலை.

பட்டர்வொர்த்_மகள் (ஞாயிறு மாலை)

இரண்டு பெயரும் சேர்த்து எடுத்துவிட்டேன். ஃபுல்செயின் மாற்றியதும் இன்னொரு 5 வெள்ளி ஆர்டர் போட்டேன்; சில நொடிகளில் 'பணம் கிடைத்தது' என்று மாறியது. காலையில் நின்றுபோனதைக் கேட்வே பக்கத்தில் மறுபடி அனுப்பச் சொன்னேன், அதுவும் மாறிவிட்டது. ரீலோட் கோப்பைக் கையால் ஓட்டிப் பார்த்தேன், சரி. நினைவூட்டலை என் கைப்பேசியிலும் அம்மாவின் கைப்பேசியிலும் வைத்தாயிற்று. அம்மாவுடையதில் 'பூட்டுத் தேதி பார்' என்று எழுதியிருக்கிறேன்.

இழையைத் தீர்ந்தது என்று குறிக்கிறேன். அக்கா, இப்போது உங்களுக்கு எச்சரிக்கை இல்லாமல் திறக்கிறதா?

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா

திறக்கிறது. மீன் மசாலை அரைக் கிலோ போட்டிருக்கிறேன், பாருங்கள்.