வளைவில் என்னைத் தள்ளியது யார்? சைட்டியோ மலைப்பாதையும் வேறு சில அனுபவங்களும்

ரங்கூனிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பர்மாவில் மலை விளிம்பில் தங்கத்தகடு போர்த்தி நிற்கும் சைட்டியோ பொற்பாறையைத் தரிசிக்கச் சென்றவர்களுக்கு, மலையடிவாரமான கின்பூனிலிருந்து மேலே ஏறும் திறந்த லாரியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பின்தட்டில் குறுக்காகப் பலகைகளை அடித்து, ஒரு பலகைக்கு ஆறு பேர் வீதம் முழங்காலும் முதுகும் உரச அடைத்து, நாற்பது பேருக்குக் குறையாமல் சேர்ந்த பிறகுதான் வண்டியை எடுப்பார்கள். சென்ற குளிர்காலத்தில் பத்தாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை மகளை அழைத்துச் சென்றிருந்தேன். அவள் பலகையின் இடக்கோடியில், இரும்புக் கம்பியை ஒட்டி அமர்ந்திருந்தாள். வலப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும், பலகையில் இருந்த ஐந்து பேரும் அவள் மேல் சாய, அவளுடைய தோள் கம்பியில் அழுந்தியது. நான்காவது வளைவில் பொறுக்கமாட்டாமல், "மாமா, எங்களை எல்லாம் வெளியே தள்ளுவது யார்?" என்று கேட்டாள்.

யாரும் தள்ளவில்லை என்பதுதான் அதற்கு விடை. ஆனால் தோள் வலிக்கிற பிள்ளையிடம் அதைச் சொன்னால் நம்புவது கடினம். ஓடிக்கொண்டிருக்கும் உடம்பு, பிறர் தலையிடாத வரையில், அதே வேகத்தில் நேர்கோட்டிலேயே போக முயலும். 1687ஆம் ஆண்டில் நியூட்டன் தம் நூலில் முதல் விதியாக வைத்தது இதைத்தான். லாரி வலப்பக்கம் வளைகிறது, உடம்பு நேரே போகிறது, அதனால் கம்பி உடம்பை வந்து முட்டுகிறது. அவளுடைய தோள் உணர்ந்த விசை வெளியே தள்ளும் விசை அன்று. அவளை உள்ளே இழுத்து வளைவோடு திருப்பிய விசை. வண்டி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புவதாகக் கொண்டால், 50 கிலோ எடையுள்ள ஒருவரைத் திருப்புவதற்கு 160 நியூட்டனுக்குச் சற்று மேற்பட்ட விசை வேண்டும். நம் ஊர்க் கடைக் கணக்கில் சொன்னால், பத்து வீசை அரிசியைத் தூக்கிப் பிடிக்கும் அளவு. (பர்மாக்காரர்கள் இன்றும் 'பெய்த்தா' என்று நிறுக்கும் அளவைத்தான், ஏறத்தாழ 1.6 கிலோவை, நாம் வீசை என்கிறோம், தமிழ்நாட்டில் அதை மறந்துவிட்டார்கள்.)

இதுபோல, உடம்புக்குத் தோன்றியது ஒன்றும் உண்மையில் நடந்தது வேறொன்றுமாக இருந்த அனுபவம் உங்களுக்கும் நேர்ந்திருக்கும். இரண்டையும் பிரித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பெகுவிலிருந்து, ஒரு தாயார்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் பாதையைப் பற்றி எழுதினீர்கள். நான் பாறையைப் பற்றி எழுதுகிறேன். பெண்கள் அந்தப் பாறையைத் தொடக்கூடாது என்பதால், தங்கத்தகடு ஒட்டுவதற்காக என் கணவரும் மகனும் உள்ளே செல்ல, நான் தடுப்புக்கு வெளியே நின்று அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ 25 அடி உயரமுள்ள கல். அதன் தலையில் ஒரு சிறு பகோடா. கல்லின் பெரும்பகுதி பள்ளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. மகன் அதன் மேல் கை வைத்தபோது, கல் அவனோடு சரிந்துவிடும் என்று என் வயிறு உண்மையாகவே கலங்கியது.

புத்தரின் தலைமுடி தாங்கி நிற்கிறது என்பது இந்த நாட்டு மக்களின் நம்பிக்கை. அதில் நான் குறுக்கிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மிக்குழவியை எடுத்து வாசற்படியின் விளிம்பில் செங்குத்தாக நிறுத்தி, சிறிது சிறிதாக வெளியே நகர்த்திப் பார்த்தேன். அதன் அடிப்பாகத்தில் கால்வாசிக்கு மேல் படியை விட்டு வெளியே நீண்ட பின்பும் அது அசையாமல் நின்றது. பாதியைக் கடக்கும் தறுவாயில்தான் எனக்கு அவகாசம் கொடுக்காமல் கவிழ்ந்தது. எடை முழுவதும் கூடியிருப்பதாகக் கொள்ளத்தக்க அந்த ஒரு புள்ளியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு தாங்கும் பரப்புக்குள் விழும் வரையில் பொருள் சாயாது என்று மகனுடைய பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நம் கண்ணுக்கு வெளியே நீட்டியிருப்பதுதான் தெரிகிறது, உள்பக்கம் எவ்வளவு கனம் இருக்கிறது என்பது தெரிவதில்லை. பயம் வருவது அதனால்தான். சாயாமல் இருப்பது ஒன்று, வழுக்காமல் இருப்பது இன்னொன்று. சரிவான முகத்தில் அமர்ந்த கல்லை நழுவவிடாமல் பிடித்திருப்பது கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான உராய்வு.

மோல்மேனிலிருந்து, லாரி உதிரிபாகக் கடைக்காரர்

என் தகப்பனார் தௌங்ஜி மலைக்குச் சரக்கு ஏற்றிச் சென்றவர். சிறு வயதில் அவருடன் போயிருக்கிறேன். ஏறும்போது என்ஜின் முனகும், இறங்கும்போது ஓசையின்றி உருளும். ஆகவே ஏற்றம்தான் வண்டிக்குத் துன்பம், இறக்கம் இளைப்பாறுதல் என்று நினைத்திருந்தேன். தகப்பனாருடைய முகத்தைப் பார்த்தால் நேர்மாறாக இருக்கும். இறக்கத்தில் அவர் வெற்றிலையைக்கூட வாயில் போடமாட்டார். ஓட்டுநர் அறைக்கு மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது; அதிலிருந்து மெல்லிய குழாய்கள் நான்கு சக்கரங்களுக்கும் போகும். அவர் குழாயைத் திறந்ததும், பிரேக் டிரம்மில் நீர் பட்டுப் புகையாக எழும்பும்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன லாரியையே எடுத்துக்கொள்வோம். வண்டியும் ஆட்களுமாக ஏழரை டன், ஏற்றம் ஏறத்தாழ 1,000 மீட்டர் என்று கொண்டால், உச்சியில் அது சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் 7 கோடி ஜூலுக்கும் மேல். கீழே இறங்கி நிற்பதற்குள் அவ்வளவும் எங்காவது போயாக வேண்டும். முழுவதும் பிரேக்கில் வெப்பமாக இறங்குவதாக வைத்துக்கொண்டால், 200 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதனால்தான் தாழ்ந்த கியரில் போட்டு, என்ஜினையும் ஒரு பங்கு சுமக்க வைக்கிறார்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கும் இளவட்டங்கள் என் கடைக்குத்தான் வந்து சேருகிறார்கள். வியாபாரம் நடக்கிறது, ஆனால் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

அதே உயரத்துக்கு 60 கிலோ எடையுள்ள ஒருவரைத் தூக்கிவிட ஆகும் ஆற்றல், 100 கிராம் சோற்றில் இருப்பதைவிடச் சிறிதளவே அதிகம். அவ்வளவுதானா என்று நடந்து ஏறியவர்கள் சண்டைக்கு வரலாம். தசை தான் செலவழிப்பதில் நாலில் ஒரு பங்கைக்கூட முழுதாக வேலையாக மாற்றுவதில்லை. மீதி வியர்வையாகவும் சூடாகவும் போய்விடுகிறது.

ரங்கூன், கல்லூரி மாணவர்

2017 ஜனவரியில் ஒய்பிஎஸ் என்னும் ரங்கூன் நகரப் பஸ்கள் வருவதற்கு முன், வண்டி முழுதாக நிற்கும் முன்னரே ஸ்பேர் (நடத்துநர்) நம்மை இறங்கச் சொல்லி விரட்டுவார். கால் தரையில் நின்றுவிடும், மேல் உடம்பு பஸ்ஸின் வேகத்திலேயே போகும். பஸ் போகும் திசையிலேயே நாலு அடி ஓட வேண்டும் என்பதை நான் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு கற்றேன்.

ஆசிரியர் ஐயா கூறியதில் எனக்கு ஓர் ஐயம். வளைவில் வெளியே தள்ளுவது மையவிலக்கு விசை என்று எங்கள் பாடத்திலேயே இருக்கிறதே. அது இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ரங்கூன் ஆசிரியரின் மறுமொழி

தம்பி, நல்ல கேள்வி. லாரியே உலகம், லாரி அசையவில்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவருக்கு அந்த விசை தேவைப்படும். விடையும் சரியாகவே வரும். ஆனால் எந்த விசையானாலும் அதைச் செலுத்தும் ஒரு பொருள் இருக்க வேண்டும். கம்பி தள்ளுகிறது, பலகை தாங்குகிறது, பூமி இழுக்கிறது என்று நாம் சுட்டிக்காட்டலாம். மையவிலக்கு விசைக்கு அப்படிச் சுட்டிக்காட்ட ஒரு பொருளும் அகப்படாது. சாலையோரத்தில் பழம் விற்றுக்கொண்டு அந்த லாரியைப் பார்க்கும் பெண்ணுக்கு, அந்த விசை இல்லாமலே கணக்கு முடிந்துவிடும். என் தங்கை மகளிடமும் இவ்வாறே கூறினேன். திரும்பி வரும்போது நடுப்பலகையில் இடம் பிடித்துக்கொண்டாள்.

டலாவிலிருந்து, ஓர் இல்லத்தரசி

பெரிய கணக்கெல்லாம் எனக்கு வராது. ஆற்றைக் கடக்கச் சம்பான் என்னும் சிறு படகில் வந்து, துறையில் இறங்குவதற்காக ஒரு காலை எடுத்து முன்னே வைத்தேன். படகு பின்னே நழுவியது. படகோட்டி குறும்பாகத் துடுப்பை இழுத்துவிட்டார் என்றுதான் அந்த நொடியில் தோன்றியது. என் டிபன் கேரியர் தண்ணீரில் போயிற்று, புளிச்சோறும் போயிற்று. நான்தான் படகைக் காலால் பின்னுக்குத் தள்ளினேன், அந்தத் தள்ளலுக்கு ஈடாகப் படகு என்னை முன்னே தள்ளியது என்று பின்னர் என் தம்பி விளக்கினான். என்னைப்போல் இரண்டு மடங்கு கனமுள்ள படகு, நான் முன்னே போகும் வேகத்தில் பாதி வேகத்தோடு பின்னே போகுமாம். பெரிய ஃபெரிக் கப்பலில் இருந்து இறங்கும்போதும் இதுவே நடக்கிறது, அதன் கனத்துக்கு நகர்வது நம் கண்ணில் படாது என்றான்.

அன்று அந்தப் படகோட்டி ஒன்றும் விளக்கவில்லை. அடுத்த முறை நான் எழுந்தபோது, துறைக்கம்பத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிய பிறகுதான் இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.